பாலத்தில் வலப்பக்க யன்னல்

சங்குப்பிட்டிப் பாலத்தில் பஸ் ஏறியதும் டயர்கள் இரும்புப் பொருத்துகளில் "டக் டக்" என்று இடிக்கும், கடனீரேரியின் சேற்று வாசம் யன்னலால் உள்ளே வரும், அம்மா என் கையை நோக நோக இறுக்குவார்.

அண்ணை அக்கரையில், பூநகரியில், பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. சண்டை முடிந்து பெரியம்மா குடும்பம் முகாமிலிருந்து திரும்பியது; ஓட்டத்தில் சனநெரிசலுக்குள் கைநழுவிப்போன அண்ணை மட்டும் திரும்பவில்லை. கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றால் மங்கலாகத் தெரிகிற கரைதான் அது. பிறகு பாலம் திறந்தார்கள். செத்தவர்களுக்குச் செய்யும் "அந்தியேட்டி"யைச் செய்துவிடுவோம் என்ற மாமாவிடம் அம்மா சீறினார்: "இப்பதானே அவன் வாறதுக்குப் பாதை திறந்திருக்கு. அதுக்குள்ளை காரியம் செய்யச் சொல்லுறியளோ?"

ஞாயிறுதோறும் அம்மாவும் நானும் பாலத்தைக் கடந்துபோய், இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்புவோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எதிரே வரும் பஸ் பாலத்தில் எங்களை உரசுமாப்போல ஊர்ந்து போகும், அதிலுள்ள முகங்களைப் பார்க்க வலப்பக்க யன்னல்தான் வசதி. அம்மாவின் மடியில் வாழையிலையில் கட்டிய புட்டும் மீன்பொரியலும் இருக்கும். பிள்ளை பசியோடு வருவானாம். எங்களைக் கண்டதும் சிரிக்கும் கொண்டக்டர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

ஒருநாள் நடுப்பாலத்தில் அம்மா அலறினார். "நிப்பாட்டுங்கோ! என்ரை பிள்ளை!"

இரண்டு பஸ்களும் நின்றன. அம்மா ஓடிப்போய் மற்ற பஸ்ஸில் ஏறி, ஒரு பெடியனின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினார். பின்னால் ஓடிய நானும் பார்த்தேன். மூக்கு மட்டும்தான் அண்ணையுடையது.

"நான் உங்கடை மகன் இல்லை, அம்மா," என்றான் அவன்.

அம்மா கையை எடுக்க நேரமெடுத்தது. "ஓம். நீ சாப்பிடு மோனை," என்று பார்சலை அவன் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். வீடு வரும்வரை அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அடுத்த ஞாயிறும் புட்டு அவித்தார்.

இப்போது பாலத்தில் பஸ்கள் பறக்கின்றன. கறுப்புக் கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. அப்படியும் நான் வலப்பக்கம்தான் இருக்கிறேன். அண்ணைக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும், முகம் மாறியிருக்கும், எதிரே வந்து நின்றாலும் எனக்கு அவரைத் தெரியாது. எப்படி மாறியிருந்தாலும் அவரை அடையாளம் கண்டிருக்கக்கூடிய ஒரே ஆளைப் போன வருடம் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தேன்.