பொம்மிக்கு மீன் கிடைக்காத நாட்கள்

அன்று காலை அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மேடம். நான். மீன்பிடிக்கிற ஏழுமலை. அவர் சம்சாரம் தேசம்மா. மேசை மேல் அவர்கள் வீட்டு நாய் பொம்மி.

பொம்மிக்கு அப்போது பத்து வயது. நாட்டு நாய். லுங்கியில் சுற்றி பைக்கில் கொண்டுவந்திருந்தார்கள். நிற்க முடியவில்லை. ஈறு வெளுத்திருந்தது. தொடையின் உள்பக்கம் விரல் வைத்தேன். நாடி மிகவும் மெதுவாக அடித்தது. நாய்க்கு அப்படி அடிக்கக் கூடாது.

நான் புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் அட்டெண்டர். ஆறாவது வரை படித்தேன். ஊரில் கம்பவுண்டர் என்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொம்மிக்கு அடிசன் என்று ஒரு வியாதி. கிட்னிக்குப் பக்கத்தில் ரெண்டு சின்ன சுரப்பி உண்டு. அது வேலை செய்யாவிட்டால் உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் வராது. ரத்தத்தில் உப்பு அளவு மாறும். இதயமே நின்றுபோகும். மாத்திரை கொடுத்தால் நாய் நன்றாக இருக்கும். ஆனால் தினமும் கொடுக்க வேண்டும், சாகும் வரை.

ஆறு மாதம் முன்பு சென்னை லேபுக்கு ரத்தம் அனுப்பி மேடம் இதைக் கண்டுபிடித்தார். மாத்திரையைப் பொம்மி துப்பியது. தேசம்மா என்னிடம் வந்தார்.

"இன்னா அண்ணாத்த, வாயில போட்டா வெளிய தள்ளுது?"

"மத்தி மீன் துண்டுல சொருகிக் குடும்மா. முழுங்கிடும்."

எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன். பொம்மி முழுங்கியது. உடம்பு தேறியது. இப்போது மறுபடி விழுந்துவிட்டது.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு நாளு வுடல மேடம். அம்மன் மேல சத்தியமா," என்றார் தேசம்மா.

நான் கால் முடியை மழித்தேன். மேடம் ஊசி ஏற்றி டிரிப் போட்டார். ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். "தினமும் குடுத்தும் இப்படின்னா டோஸ் பத்தலை. ஏத்தணும்," என்று சீட்டை எடுத்தார்.

நாயைப் பிடித்திருந்த தேசம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் அது என்னவென்று தெரியும்.

"காப்பு கட்டியிருக்கியா?"

"ஆடி மாசம் இல்ல? கட்டி அஞ்சி நாளாச்சி. எட்டு நாளு திருவிழா. முடியற வரிக்கும் ஊருல யாரும் கவிச்சி தொடமாட்டோம்."

"மீன் இல்லாம மாத்திரைய எதுல குடுத்த?"

"கூழ்ல போட்டேன். நக்கி நக்கிக் குடிச்சிது."

"குடிச்சப்புறம் தட்டுல ஏதாவது கெடந்துதா?"

தேசம்மா யோசித்தார். "அடியில வெள்ளையா ஒண்ணு கெடக்கும். நொய்யரிசின்னு நெனச்சி கழுவி ஊத்திட்டேன்."

"அஞ்சு நாளுமா?"

தேசம்மா தலையாட்டினார். ஏழுமலை கத்தினார். "அடிப்பாவி, மாத்திரைக்கும் நொய்யிக்கும் வித்தியாசம் தெரியாதா? கண்ணாடி போடுடின்னா போடமாட்ட."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த? எதிர்லதான குந்திகினு கூழ் குடிச்ச?"

மேடம் சீட்டைக் கீழே வைத்தார். டோஸ் ஏற்றவில்லை.

எனக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது. "வெள்ளிக்கிழமை மீன் சமைப்பியா?"

"வெள்ளிக்கிழமை எங்க வூட்டுல கவிச்சி ஏது? அமாவாசைக்கும் கெடையாது. அன்னிக்கு மோர் சோத்துல போட்டுடுவேன். மறுநாளு மூலையில படுத்துக்கும். வயசாச்சின்னு வுட்டுட்டோம்."

அவர் பேரில் தப்பு இல்லை. "நான்தான் மேடம் மீன்ல வெக்கச் சொன்னது. மீன் இல்லாத நாளுக்கு ஒண்ணும் சொல்லல," என்றேன்.

மேடம் டிரிப்பைப் பார்த்துக்கொண்டே, "இப்ப சொல்லிக்குடுங்க," என்றார்.

அதற்கு முதலில் பொம்மி பிழைக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருதரம் நாடி பார்த்தேன். மதியம்வரை பெரிய மாற்றம் இல்லை. ஏழுமலை வெளியே போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டார். தேசம்மா நாயின் காதைத் தடவியபடியே நின்றார், சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு நாடி சரியாக வந்தது. பொம்மி தலையைத் தூக்கித் தண்ணீர் கேட்பதுபோல் பார்த்தது. கொடுத்தோம், குடித்தது.

சாயங்காலம் சொல்லிக்கொடுத்தேன். மேல்தாடையைப் பிடித்து வாயைத் திற. மாத்திரையை நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக உள்ளே தள்ளி வை. வாயை மூடித் தொண்டையைத் தடவு. மூக்கை நக்கினால் முழுங்கியாயிற்று. வாய்க்குள் விரல் விட்டும் பார்த்துவிடு.

தேசம்மா கையை இழுத்துக்கொண்டார். "கடிச்சிட்டா?"

"கடிக்க அதுக்குப் பல்லு எங்க கீது? உனக்கு கீது, உன்னப் பாத்துதான் அது பயப்படணும்," என்றார் ஏழுமலை.

முதல் தடவை துப்பியது. ரெண்டாவது தடவை முழுங்கியது. அன்றிலிருந்து தேசம்மா கையால்தான் மாத்திரை. சனிக்கிழமை மூலையில் படுப்பது நின்றது. பொம்மிக்கு இப்போது பன்னிரண்டு வயது. தெருவில் ஆட்டோவைத் துரத்துகிறது.

மாத்திரை எதில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்போம். அது அந்த வீட்டில் எந்த நாள் இருக்காது என்றும் கேளுங்கள். கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்.

அன்று அவர்கள் போனபிறகு சுவர்க் காலண்டரை எடுத்து அந்த வருடத்துக்கு எண்ணினேன். வெள்ளிக்கிழமை ஐம்பத்திரண்டு. அமாவாசை பன்னிரண்டு, வெள்ளியில் வந்த ரெண்டு போகப் பத்து. காப்பு எட்டு நாள், ஒரு வெள்ளி போக ஏழு. நான் சொன்ன யோசனை அந்த வீட்டில் செல்லாத நாள், வருடத்துக்கு அறுபத்தொன்பது.