எங்கள் காணியில் ஒரு கல்வட்டம்

வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணியில் மிளகாய் நடலாமென்று பற்றை வெட்டியபோதுதான் அந்தக் கற்கள் தெரிந்தன. பதினான்கு கற்கள், வட்டமாக. எனக்கு அவை மண்வெட்டியின் வாயைக் கெடுக்கும் கற்கள். என் கணவருக்கோ ஆதிகாலச் சரித்திரம்.

அன்றிலிருந்து மனிதர் கைபேசியும் கையுமாகத் திரிந்தார். காலையில் அது அரசனைப் புதைத்த இடம். மத்தியானம் சோறு தின்றபின், சூரியனைப் பார்த்து நாள் கணித்த இடம். உருத்திரபுரம் சந்தியில் தேநீர் குடித்துவிட்டு வந்தால், யானை கட்டிய இடம். பக்கத்துக் காணிக்காரர் மாடு விட்டு நெற்சூடு மிதித்த களமாக இருக்கும் என்றாராம். "அந்தாளுக்கு நெல்லை விட்டா வேற என்ன தெரியும்?" என்று இவருக்குக் கோபம்.

எனக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கித் திரும்ப எடுத்த காணி. பழைய இடமென்று யாராவது பலகை நட்டால், நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும்.

"இஞ்சேருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் சொல்லப்போறன்?"

மூன்றாம் நாள், பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். சந்தியில் ஒருவர் விபரம் சொன்னாராம். அந்த ஒருவர் யாரென்று நான் கேட்கவில்லை.

இவர் அரசனில் தொடங்கி யானைவரை சொல்லி முடித்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் துண்டு. அடுத்த கல்லின் அடியிலும் அதே நீலம்.

"அங்கிள், அந்தக் காலத்தில தறப்பாள் இருந்ததோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீளக்குடியேறிய புதிதில் இங்கே ஒரு வேம்பு நின்றது. தறப்பாளின் நடுவை அதில் கட்டிக் கூடாரமாக்கி, காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தைச் சுற்றிக் கல் வைத்தோம். வைத்தவர் இவர், தூக்கிக் கொடுத்தவள் நான். பிறகு வேம்பு புயலில் விழுந்தது, நாங்கள் ஒழுங்கையோரம் வீடு கட்டிப் போனோம், இரண்டு பேரும் சுத்தமாக மறந்துபோனோம். காணி தப்பிய சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வட்டத்துக்குள் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தார்.

"இதுக்குள்ள பிள்ளையளோட அஞ்சு பேர் எப்பிடியப்பா படுத்தனாங்கள்?"

"அஞ்சில்லை, ஏழு பேர்," என்றேன். "மழை பெய்தா பக்கத்துக் கொட்டில் தாயும் பிள்ளையும் எங்களோடதான் படுத்தவை. நீங்கள் குந்தியிருந்தபடியே நித்திரை கொண்டனீங்கள்."