மந்திரி விடாத வாசல்

என் வீட்டுக்காரர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. கடைக்குப் போனாலும் சரி, சாமி கும்பிடப் போனாலும் சரி, தெருவோரமாக ஒரு தோளை முன்னே விட்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நடப்பார். பார்க்கிறவர்களுக்கு, எதையோ பிடிக்கப் போகிற ஆள் மாதிரி இருக்கும். அது பொய்யும் இல்லை. நகராட்சியின் நாய் பிடிக்கிற வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

நீளமான கம்பு, அதன் நுனியில் கயிற்றுச் சுருக்கு. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் நெருங்க வேண்டுமாம். பிடித்ததைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். ஒரு நாயையும் அவர் அடித்தவரில்லை. கம்பை எடுக்கும் முன் ஆண்டவனை நினைத்துக்கொள்ளாமல் கை வைத்ததும் இல்லை. இதெல்லாம் நாய்க்கு எங்கே தெரியப் போகிறது? அவர் தெருவில் இறங்கினால் போதும், காது வெட்டுப்பட்டவை எல்லாம் ஊரைக் கூட்டிவிடும். முழுக் காது நாய்கள் தம் பாட்டுக்குப் படுத்திருக்கும்.

டீக்கடைக்காரர் கேலி பண்ணுவார். "என்னண்ணே, பெரிய பெரிய ஆளுங்க வந்தாகூட இந்த வரவேற்பு கிடையாதே!"

"பழகின பசங்க, விடமாட்டேங்கிறாங்க" என்று சிரித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார். ஓய்வு பெற்றதும் மீசையை எடுத்துப் பார்த்தார். காக்கி உடுப்பைத் தூக்கிப் போட்டார். சோப்பை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. சந்தை வாசலில் பல் போன கிழட்டு நாய் ஒன்று, எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே அவரைப் பார்த்துக் குரைத்தது.

இதெல்லாம் அவருடைய பாடு என்று விட்டிருப்பேன். எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோதுதான் வினை வந்தது.

குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவர் வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. பிறகு டாக்டர், "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இப்போதைக்கு அலைக்க வேண்டாம்" என்று சொன்னதால், மகளும் குழந்தையும் மருமகன் வீட்டுக்குப் போனார்கள். மருமகனின் அம்மா தையற்காரர். முன்னறையில் தையல் மெஷின், சுவரெல்லாம் தொங்கும் துணிகள். மெஷினுக்கு அடியில் மந்திரி.

மந்திரி என்பது அவர்கள் வீட்டு நாய். போன மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து கேட்டுக்கு வெளியே படுத்ததாம். அந்த அம்மாள் யாரோடு எதைப் பேசினாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதால் அந்தப் பெயர். மற்ற நேரமெல்லாம், தெருவில் சைக்கிள் போனாலும் குரைத்துக்கொண்டிருக்கும். அதன் இடது காதில் நுனி இல்லை.

முதல் தடவை நாங்கள் போனபோது, அவர் கேட்டில் கை வைத்ததும் அது போட்ட கூச்சலை என்னவென்று சொல்வது! குரைப்பு இல்லை, அலறல். உள்ளே ஓடி, மெஷினுக்கு அடியில் புகுந்து, தரையெல்லாம் நனைத்துவிட்டது. மகள் அறைக்குள் குழந்தையோடு தவித்தாள். "அப்பா, கொஞ்சம் வெளியில நில்லுங்கப்பா." நான் மட்டும் உள்ளே போனேன். பேத்தியை மடியில் வைத்திருந்த நேரமெல்லாம் ஜன்னல் வழியாக அவர் தலை தெரு முனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

சம்பந்தியம்மா தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தப்பா நினைக்காதீங்கக்கா. மந்திரி யாரையும் இப்படி விரட்டினதில்ல. ஆளை எடை போடறதுல அது கெட்டி. அதான் யோசனையா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நகராட்சி என்று தெரியும். நகராட்சியில் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்காருவார், எழுந்துவிடுவார். செருப்பைப் போடுவார், கழற்றுவார். "பிள்ளைக்கு முகம் மாறியிருக்குமில்ல? சின்னப் பிள்ளைங்க தினம் ஒரு முகமா இருக்கும்" என்பார். நான் பதில் சொல்லும் முன் வாசலுக்குப் போயிருப்பார்.

அவரைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். நாய்க்கு எல்லாமே வாசனைதானே? மருமகன் போட்டுக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லி, இவருக்கு மாட்டிவிட்டேன். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. "மாப்பிள்ளை வேஷம் இந்த வயசுல தேவையா எனக்கு?" என்றார். ஆனால் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், தெரு முனையில் திரும்பும்போதே மந்திரி வாலை ஆட்டியது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. கேட் வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றது. ஆண்டவனே, ஆண்டவனே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் தாழ்ப்பாளைத் திறக்கப் போனார். போனவர், பழக்க தோஷம், தோளைச் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து கையை மெதுவாக முன்னே கொண்டுவந்தார்.

வால் நின்றது.

அடுத்த நொடி அலறல். மெஷினில் இருந்த துணியையும் நூலையும் இழுத்துக்கொண்டு அது அடியில் புகுந்தது. அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

சம்பந்தியம்மா ஊசியும் கையுமாக வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது எம் பையன் சட்டையாச்சே! உங்க மேல எப்படி வந்துச்சு?"

அவர் பொத்தான் சேராத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டுக்காரி நடுவே புகுந்தாள். "சும்மா ஒரு சங்கிலி வாங்கிக் கட்டிப் போடேன்க்கா. தாத்தா வந்து பிள்ளையைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"சங்கிலியா? கழுத்துகிட்ட ஒரு நூலைக் கொண்டு போனாலே அதுக்கு உடம்பெல்லாம் நடுங்கும். எந்தப் பாவி என்ன பண்ணி வச்சானோ."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அந்தப் பாவி நான்தான் சம்பந்தி."

நாய் வண்டியில் இருந்ததை அவர் அங்கேயே நின்று சொன்னார். கம்பு, சுருக்கு, கூண்டு, எதையும் விடவில்லை.

"காதை வெட்டினதும் நீங்கதானா?"

"வெட்டினது டாக்டர். பிடிச்சது நானாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா? இதைப் பார்த்தா ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"எத்தனையோ நாய் பிடிச்சேன் சம்பந்தி. எனக்கு இதை ஞாபகமில்ல. அதுக்குத்தான் என்னை ஞாபகமிருக்கு."

அந்த அம்மாள் கேட்டைச் சாத்தினார். மகள் ஜன்னலில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. மற்ற எல்லாத் தெருவுக்கும் போனார். மத்தியான வெயிலில் போய், வியர்த்து வழிந்து திரும்புவார். எங்கே போனீர்கள் என்றால் "சும்மா" என்பார். நான் விளக்கு ஏற்றிவிட்டு, அந்த நாய் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று வாய்விட்டுக் கும்பிட்டேன். பின்னால் நின்று கேட்டுவிட்டார்.

"ஏம்மா, அப்படி வேண்டாதே. அது மறந்துட்டா, நாளைக்கு வேற எவனாவது கம்போட வந்தா வாலை ஆட்டிக்கிட்டுப் போய் நிக்கும்."

"அப்ப பிள்ளையை எப்படிப் பார்க்கிறதாம்?"

மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டார்.

பேத்தியின் எடை ஏறிவிட்டது, இனி வெளியே எடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், சம்பந்தியம்மாவே போன் செய்தார். "அவரைக் கூட்டிட்டு வாங்க. வீட்டுக்குள்ள இல்ல. இந்த வீடு மந்திரிக்கும் வீடு, இங்க அது பயப்படக் கூடாது. தெருவுல வந்து உட்காரச் சொல்லுங்க, நான் பிள்ளையைக் கொண்டு வரேன்."

போனோம். எதிர்வீட்டுப் படியில் அவர் உட்கார்ந்தார், எழுந்தார், துண்டால் கையைத் துடைத்துத் துடைத்துக் கை சிவந்துவிட்டது. கேட் திறந்தது. சம்பந்தியம்மா குழந்தையோடு வந்தார். அவர் புடவையை ஒட்டியபடி மந்திரியும் வந்தது. மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். நடுத்தெருவில் நின்று, கால் நடுங்க நடுங்க, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைத்தது.

"அது கத்தும். நீங்க வாங்கிக்கங்க" என்றார் சம்பந்தியம்மா.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தை கைக்கு வந்தது. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து மந்திரியின் குரலில்தானே தூங்குகிறது! அவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். என்னவோ சொன்னார், குரைப்பில் யாருக்கும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டே, "தாத்தா மூக்குத்தான்!" என்று கத்தினாள்.

மூச்சு வாங்க மந்திரி ஒரு நொடி நிறுத்தியது. திடீரென்று வந்த அந்த அமைதியில் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. மந்திரிக்கு மற்றதெல்லாம் மறந்ததோ என்னவோ, ஓடி வந்தது. குழந்தையின் பாதத்தை முகர்ந்தது. பாதத்துக்குக் கீழே இருந்த அவர் கையையும் முகர்ந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை.

பிறகு அது பின்வாங்கிப் போய், பழைய இடத்தில் நின்று, மறுபடியும் குரைக்க ஆரம்பித்தது. குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டது.