கழுவிய காற்று

சித்தூரில் எங்கள் குடோனில் நான் முதன்முதலாகக் குளிரைப் பார்த்தேன். உணர்ந்தது அதற்கப்புறம்தான். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பகல். பெண்கள் பத்துப் பேர் கொட்டகையில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். எதிரில் இருந்த கனத்த மரக்கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெள்ளைப் புகை ஒன்று தரையோடு தவழ்ந்து வந்து எங்கள் கால்களைத் தொட்டது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று எல்லாரும் எழுந்து ஓடினோம்.

மெஷின் ரூமில் வேலை செய்த என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"பொகை இல்லம்மே, குளுரு. வந்து தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. விரல் நுனி மட்டும் சில்லிட்டுப் போனது. சித்தூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான். குளிர் என்பது மார்கழியில் தானாக வரும், தானாகப் போகும் என்று நினைத்திருந்தேன். அதை ஓர் அறைக்குள் அடைத்து வைத்து, கதவைத் திறந்து காட்ட மனுஷனால் முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பு புல்லரித்தது குளிரினாலா, பயத்தினாலா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருத்தணி எந்தப் பக்கம் போகும், சத்தியவேடு எந்தப் பக்கம் வரும் என்று டீக்கடையில் தமிழிலும் தெலுங்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் குடோன் அதற்கெல்லாம் மூத்தது. வெல்லம், புளி, மிளகாய், மாம்பழம் என்று சுற்றுவட்டாரத்துச் சரக்கெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும்.

குளிர் மெஷின் வருவதற்கு முன்பு காற்றோடு அங்கே தினமும் ஒரு போராட்டம்தான். கூரை உச்சியில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருந்தார்கள், சூடு மேலே ஏறி வெளியே போக. வெயில் காலத்தில் ஜன்னல்களில் கோணியைத் தொங்கவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்போம். மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து ஒழுகாமல் இருக்க, மூட்டைகளுக்கு நடுவே சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைத் தட்டுகளில் வைப்போம். சில நாளில் அந்தக் கட்டிகள் ஈரத்தைக் குடித்து மாவாக உதிர்ந்துவிடும். ஒரு சரக்கின் வாசனை இன்னொன்றில் ஏறாமல் இருக்க, கூடைகளில் அடுப்புக்கரியை நிரப்பி மூலைக்கு மூலை தொங்கவிடுவோம். ஒருமுறை வேலூரிலிருந்து ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து லாரியில் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது பாதி தண்ணீராகியிருந்தது. மீதியை நாங்கள் உடைத்து வாயில் போட்டுக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் இன்ஜினியர் வந்தார். கோதாவரிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, வெற்றிலை போட்டுக்கொண்டு, எதைச் செய்தாலும் பாதியில் நின்று யோசிக்கிற மனுஷர். குடோனின் ஒரு பாதியைப் பிரித்துச் குளிர் கசியாமல் இருக்கச் சுவர்களுக்குள் தக்கைப் பலகை பதித்தார். அமோனியா ஓடும் குழாய்களை வைத்தார். குழாய்களின் மேல் பனி வெள்ளையாகப் பூத்து நின்றது. எங்களை வாய்பிளக்க வைத்தது அதுவல்ல. வெளிக்காற்று உள்ளே நுழைகிற இடத்தில் அவர் ஒரு செங்கல் கூண்டு கட்டினார். அதற்குள் மேலிருந்து கீழ்வரை மரச்சட்டங்கள். சட்டங்களின் மேல் உறையாத உப்புத் தண்ணீர், சில்லென்று, ஓயாமல் ஒழுகும். பெரிய ஃபேன் ஒன்று வெளிக்காற்றை இழுத்து அந்தத் தண்ணீர்த் திரை வழியாக விடும். பிறகு கரி அடுக்கிய தட்டுகள். அதைத் தாண்டி முன்னறைக்கு வந்து, அங்கிருந்துதான் சரக்கு அறைகளுக்குப் போகும்.

துணியைத்தான் வெளுப்பார்கள், பாத்திரத்தைத்தான் கழுவுவார்கள். காற்றைக் கழுவுகிற கூத்தை யார் கேட்டிருக்கிறார்கள்?

"காத்துக்கு உப்பு சுத்திப் போடுறாங்கடி, கண்ணு பட்டிருக்கும்" என்றாள் என் அக்கா. கொட்டகையே சிரித்தது. சிரித்த வேகத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு. அங்கே போன பிறகு அதிகமாகிவிட்டது. நெல் அடிக்கிற காலம், வைக்கோல் போர் போடுகிற காலம் வந்தால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குவாள். மாமா நல்ல மனுஷர். அவளைத் தாங்குதாங்கு என்று தாங்கினார். வைத்தியம் எதுவும் பிடிக்காமல் போனதும், "கொஞ்ச நாளு உன் தங்கச்சி வூட்ல இரு, ஊரு மாறினா தேவலாம்" என்று அவரே சித்தூரில் கொண்டுவந்து விட்டுப் போனார். சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. என்னோடு புளி தட்ட வந்தாள்.

ஒரு நாள் மிளகாய் லாரி வந்தது. மூட்டை ஒன்று அவிழ்ந்து முற்றத்தில் கொட்டிவிட்டது. அனல்காற்று சுழன்று அடித்ததில் நெடியும் புழுதியும் கொட்டகைக்குள் வந்துவிட்டன. எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அக்கா மட்டும் தரையில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்துவிட்டாள். அவள் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் துருத்தியில் ஓட்டை விழுந்தது போல இருந்தது. உதடு நீலமாக மாறிக்கொண்டு வந்தது.

"அக்கா, மெதுவா... மெதுவா மூச்சு உடு."

"முடியல... மாரு அடைக்கிது..."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றால் அந்தப் புழுதியைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டிக்கு ஆள் ஓடியது. நான் அழுதேன். அப்போது முன்னறைக் கதவு திறந்தது. இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். ஒரு நொடி, அவர் வழக்கப்படி யோசித்து நின்றார்.

"லோபலிக்கி தீசுகுரா! தொந்தரகா!"

உள்ளே தூக்கி வா, சீக்கிரம் என்கிறார். நானும் என் வீட்டுக்காரரும் அவளைத் தூக்கி முன்னறைக்குள் கொண்டுபோனோம். கதவு எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

அந்த இடத்தின் காற்றை எப்படிச் சொல்வது? சரக்கு அறை போல நடுக்குகிற குளிர் இல்லை. மார்கழி விடியற்காலை போல இருந்தது. மிளகாய் இல்லை, புளி இல்லை, கோணி நாற்றம் இல்லை. எந்த வாசனையும் இல்லாத காற்றை அதற்கு முன்பு நான் சுவாசித்ததே இல்லை. மூக்குக்குள் எதுவும் நுழையாதது போலவும் நெஞ்சு மட்டும் நிறைவது போலவும் இருந்தது.

அக்காவைச் சுவரோரம் சாய்த்தோம். முதலில் ஒன்றும் மாறவில்லை. கண் செருகியது. நான் ஏழுமலையானைக் கூப்பிட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் துருத்திச் சத்தம் தேய்ந்தது. தோள்கள் இறங்கின. உதட்டில் ரத்தம் திரும்பியது. வண்டி வந்துவிட்டது என்று வெளியே யாரோ கத்தினார்கள். அக்கா கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று கையசைத்தாள்.

"கொஞ்ச நேரம் இங்கயே கீறேன்" என்றாள்.

முழு வாக்கியம். நடுவில் மூச்சு வாங்காமல் அவள் பேசியதைக் கேட்டு எனக்கு மறுபடி அழுகை வந்தது. இன்ஜினியரைப் பார்த்தேன். காலில் விழப் போனேன். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"ஏமி ஜரிகிந்தோ நாக்கு தெலீதம்மா" என்றார். என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதம்மா. மாம்பழத்துக்கும் புளிக்கும் கட்டிய கூண்டு அது. அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது.

மறுநாள் கூண்டின் அடித்தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். என்ன வருகிறது பார்க்கலாம் என்று இன்ஜினியர் எங்களையும் கூப்பிட்டார். அடைப்பை எடுத்ததும் தண்ணீர் ஓடி, அடியில் சேறு நின்றது. கறுப்பும் சிவப்புமாகக் கொழகொழவென்று. மிளகாய்த் தூள், ரோட்டுப் புழுதி, கோணி நார், ஏதேதோ பூவின் மகரந்தம், செத்த கொசு. மண்வெட்டியால் வாரிப் போட வேண்டியிருந்தது. வெறும் காற்றிலிருந்து வந்தது இத்தனையும். வெயிலில் வெள்ளையாக, ஒன்றுமே இல்லாதது போல் தெரிகிற அந்தக் காற்றிலிருந்து.

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாமா எம்மாருக்குள்ள போய்க்கினு இருந்திச்சு?"

நாங்கள் ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் இன்ஜினியர் அவளுக்கு முன்னறையிலேயே வேலை கொடுத்தார். உள்ளே போகிற கூடைகளைப் பார்த்து அழுகினதைப் பொறுக்கி எடுக்கிற வேலை. கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு, வெளியே உலகம் வெந்துகொண்டிருக்கும்போது அவள் மட்டும் மலைநாட்டில் இருப்பவள் போல உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் ராத்திரியில் இழுப்பு கொஞ்சம் வரும். வாரங்கள் போகப்போக அதுவும் குறைந்தது. தட்டு நிறையச் சோறு தின்ன ஆரம்பித்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. சின்ன வயசில் பாடிய பாட்டை அவள் மறுபடி முணுமுணுப்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன்.

மாமா ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மூட்டை வேர்க்கடலை.

"இன்னாம்மா, உங்க அக்கா எங்க கீறா?"

"வாங்க மாமா, காட்டுறேன்."

சாப்பாட்டு நேரம். அக்கா முன்னறை மூலையில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். என்னைக் கையமர்த்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பயந்தவர் போலக் கிட்டே போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"சத்தமே இல்லியே" என்றார் மெதுவாக. "கல்யாணம் ஆனதுலேருந்து இவ மூச்சு சத்தத்த கேட்டுக்கினுதான் தூங்கியிருக்கேன்."

அவளை எழுப்பாமல் இன்ஜினியரைத் தேடிப் போனார். கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் எங்கிருந்து விழுகிறது, காற்று எங்கே நுழைகிறது, கரி எதற்கு என்று கேட்டார். அவருக்குத் தெலுங்கு அரைகுறை, இவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் தரையில் குச்சியால் கோடு கிழித்துப் பேசினார்கள். மாமா அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட்டார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை.

எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. அந்தச் செய்தி ஓய்ந்த சமயத்தில் மாமா மறுபடி வந்தார். "வூடு ரெடி பண்ணிட்டேன். ஒரு வாரம் இருந்து பாரு. முடியலன்னா நானே கொண்டாந்து உடுறேன்" என்றார். அக்கா பயந்துகொண்டேதான் போனாள். ஒரு வாரம் ஆனது, ஒரு மாசம் ஆனது. அவள் திரும்பி வரவில்லை.

இதை இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே புத்தூர் போய் பஸ் மாறி எங்களோடு அந்த ஊருக்கு வந்துவிட்டார்.

மாமா வைக்கோல் போரை நிலத்துக்கே கொண்டுபோயிருந்தார். ஓர் அறையின் மற்ற ஜன்னல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார். காற்று வருகிற மேற்கு ஜன்னலில் மூங்கில் சட்டம் கட்டி, அதில் வெட்டிவேர்த் தட்டி. தட்டிக்கு மேலே அடியில் பொத்தல் போட்ட பானை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தட்டியில் இறங்கிக் கீழே பாதி மூங்கிலில் ஓடிக் கீரைப் பாத்திக்குப் போனது. உள்பக்கம் கூடையில் கரி. மெஷின் இல்லை, ஃபேன் இல்லை. அறைக்குள் நுழைந்தவுடன் இன்ஜினியர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு தட்டியில் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

மாமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்களுத மாதிரி வராது சார். ஏதோ எங்கனால ஆனது."

"தட்டி ரெண்டு செய்யி" என்றார் இன்ஜினியர் தன் தமிழில். "ஒண்ணு ஈரம், ஒண்ணு எண்டலோ காயணும். லேகபோத்தே பூஞ்சை வரும். அது ஆமெக்கு மஞ்சிதி காது." ஒன்று நனைந்திருக்கும்போது இன்னொன்று வெயிலில் காய வேண்டும், பூஞ்சை அவளுக்கு ஆகாது என்கிறார். மாமா தலையாட்டிவிட்டு உடனே வேர் தேடக் கிளம்பிவிட்டார். அக்காதான் பிடித்து உட்கார வைத்தாள்.

இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நெல் அடிக்கிற நாட்களில் அவள் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டாள். சில ராத்திரி உட்கார்ந்துதான் விடியும். ஆனால் அதே அறையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், வளர்த்தாள், அவர்களைச் சத்தம்போட்டுத் திட்டவும் அவளுக்கு மூச்சு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். இன்ஜினியர் அந்த அறையிலேயே சாப்பிட உட்கார்ந்தார். அவள் குனிந்து, நிமிர்ந்து, அடுப்படிக்கும் அறைக்கும் நடந்து எல்லாருக்கும் பரிமாறினாள். அவர் களியைத் தொட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துன்னுங்க சார், ஆறிப்போவுது" என்றாள் அக்கா.