மூன்றாம் வீட்டுப் பேய்

எண்பதுகளின் தொடக்கத்தில், காட்டூரில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்காக நான் ஒரு பேய்க்கதை செய்தேன். படிக்கிற கதை இல்லை, நடந்து போகிற கதை. கோயிலுக்குப் பின்னால் மூன்று லைன் வீடுகள் காலியாகக் கிடந்தன. கதைப்படி நீங்கள் மழையில் நனைந்து வருகிறீர்கள். முதல் வீட்டில் விளக்கு எரிகிறது, இரண்டாவதில் யாரோ அழுகிறார்கள், மூன்றாவதில் சத்தமே இல்லை. எதற்குள் போவீர்கள்? உள்ளே பேய் "யாரது?" என்று கேட்கும். பதில் சொன்னால் கிணற்றடிக்குப் போக வேண்டும், சொல்லாவிட்டால் சமையலறைக்கு. ஒரு முடிவு மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாதென்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வீட்டுப் பேய் என் அக்கா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளைத் திரை இழுக்க மட்டும்தான் விடுவார்கள். ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்த ஏக்கம் போகவில்லை. இந்த ஒரு வேஷமாவது கொடுடி என்று கெஞ்சினாள். கதையிலேயே நல்ல இடத்தைக் கொடுத்தேன். மத்தியானமே முகமெல்லாம் அரிசி மாவைப் பூசிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தவர் பங்குச் சாமியார். விளக்கு எரிகிற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். போச்சு. அடுத்து வந்தவர்கள் நான் சொன்ன கதையைக் காதிலேயே வாங்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தார்கள். சாமியாரே போயிருக்கிறார் என்று அங்கேயே நுழைந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, எதுக்கு வம்பு, கூட்டம் போகிற பக்கமே போகலாம் என்றாள். யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க என்று தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

பொழுது சாய்கிற நேரம் அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள். "யாருமே வரலையாடி?"

எனக்குத் தாங்கவில்லை. முதல் வாசலில் குவிந்திருந்த செருப்பையெல்லாம் வாரி மூன்றாம் வாசலில் போட்டேன்.

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் திமுதிமுவென்று அங்கே நுழைந்தது. நானும் ஜன்னலுக்கு ஓடினேன். அக்கா ஊளையிட வேண்டும், அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் இத்தனை பேரைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. வெள்ளை முகம் முழுக்கப் பல்லாகச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினாள். "வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்."

துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள். செருப்பைத் தேடி வந்து கூட்டத்தோடு உள்ளே போயிருந்த சாமியார்தான் முதலில் வெளியே வந்தார்.

அக்கா வாசலுக்கு வந்தாள். வியர்வையில் மாவு வழிந்துகொண்டிருந்தது.

"நல்லா நடிச்சேனாடி?"

ஊரையே ஓட விட்டுட்ட என்றேன். அவள் நடிக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.