மாடசாமி வளர்த்த மகள்

வெசாக் திருநாள் வந்தால் மாத்தளை டவுனில் மூன்று நாளைக்குக் கால் வைக்க இடமிருக்காது. பஸ் நிலையத்துக்கு முன்னால் கமுக மரங்களையும் மூங்கிலையும் கட்டி, நடுவில் புத்தரை வைத்து, சுற்றிவரக் கதைப் படங்களும் அவற்றைச் சுற்றி ஓடுகிற கலர் பல்புகளுமாகப் பெரிய பந்தல் ஒன்று எழும்பும். ஒலிபெருக்கியில் ஒருவர் சிங்களத்தில் கதையைப் பாட்டாகச் சொல்லச் சொல்ல, அந்தந்தப் படத்தின் மேல் வெளிச்சம் விழும். லக்கலையிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் டிராக்டர் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். படங்களை வரைந்தது யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தோட்டத்திலிருந்து வந்த மாடசாமி என்று பதில் கிடைத்திருக்கும்.

மாடசாமி சித்திரம் படித்தவரல்ல. தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டிருந்தவர். கை ஆடாமல் கோடு இழுப்பார், அவ்வளவுதான். மனைவி வேலம்மா, ஒரே மகள் இலட்சுமி, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு லயத்துக் காம்பரா. ஆசைப்படுவதற்கு அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

மலைநாட்டுத் தமிழரில் யார் இந்தியா போவது, யார் இங்கேயே இருப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. கல்யாணத்துக்கு முன்பே வேலம்மாவின் பெயரை அவள் தகப்பன் தன்னுடைய மனுவில் சேர்த்திருந்தான். மாடசாமி தனியாக மனுப் போட்டிருந்தார். பதில் வந்தபோது அவளுக்கு இந்தியா, அவருக்கு இலங்கை. ஆறு வயதுப் பிள்ளை தாயோடு போயிற்று. குறித்த தேதியில் கப்பல் ஏறாவிட்டால் இரண்டு நாட்டிலும் இல்லாமல் போவார்கள் என்று குடியுரிமைக் கந்தோரில் பயமுறுத்தினார்கள். மாடசாமி பயந்துபோனார். “நீ முன்னால போ புள்ள, நான் பின்னாலயே வந்துர்றேன்” என்று மனைவியிடம் சொன்னார். எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதத்தில் சொன்னது. அதற்குப் பிறகு அவர் எத்தனை கந்தோர்ப் படி ஏறியும் பின்னால் போக முடியவில்லை.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. மகளைப் படம் எடுத்து அடுத்த கடிதத்தில் அனுப்புவதாக அதில் எழுதியிருந்தார்கள். அந்த வருடமே தோட்டத்தில் ஸ்டோரை மூடினார்கள். அரிசியும் மாவும் இல்லாத பஞ்ச காலம், இருந்தால் சாவுதான் என்று மாடசாமி டவுனுக்கு இறங்கிவிட்டார். அடுத்த கடிதம் வந்ததோ, வந்து யாருமில்லாத லயத்தில் கிடந்து மட்கியதோ, அவருக்குத் தெரியாது. அவர் எழுதியவை விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன.

டவுனில் சிங்களவரான இரும்புக்கடை டிக்கிரிபண்டா முதலாளி அவருக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலை கொடுத்தார். அப்படியே பந்தல் வேலையும் கைக்கு வந்தது. முதலாளிதான் பந்தல் கமிட்டியின் தலைவர். கேட்டவருக்கெல்லாம் இல்லையென்னாமல் கொடுத்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையும் ஒரு கிழட்டுப் பிராமணனுக்குத் தானம் செய்துவிட்ட அரசனின் கதைதான் வருடா வருடம். அந்தக் கதையை முதன்முதலாகப் போட்ட வருடம் கடை நன்றாக ஓடியதாம். அதனால் வேறு கதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் வருடம் அரசனின் மகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, மாடசாமி யோசிக்காமல் இலட்சுமியை வரைந்துவிட்டார். அடுத்த வருடம் பலகையைக் கையிலெடுத்ததும் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்குமே என்று நினைத்தார். அங்கேதான் பிழை தொடங்கியது. கதையில் வருகிற பிள்ளை வளராது. அவருடைய பிள்ளை வளருமே. அவர் பஸ் நிலையத்தில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கவனித்தார். எந்த வயதில் பால்பல் விழுகிறது, எந்த வயதில் பின்னல் இடுப்பைத் தொடுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். வருடத்துக்கு ஒரு வயதாக மகளைப் பலகையில் வளர்த்தார். பன்னிரண்டாவது வயதில், இந்நேரம் பெரியபிள்ளை ஆகியிருப்பாள் என்று தானாகவே முடிவு செய்து, அரசகுமாரிக்குத் தாவணி போட்டுவிட்டார். அன்றைக்குத் தனியாக இருந்து கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் வைத்துச் சாப்பிட்டார். சடங்குக்குச் சொல்லி அழைக்க அவருக்கு யாருமில்லை.

இதெல்லாம் விளையாட்டுக்குச் செய்ததில்லை. மகள் என்றைக்காவது தேடி வந்தால் அவளை அடையாளம் தெரிய வேண்டும், அதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே கவலை. வெசாக் இரவுகளில் கூட்டத்துக்குள் நின்று, போகிற வருகிற பெண்பிள்ளைகளின் முகங்களை மேலே தொங்கும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றாலும் அவளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன. மாடசாமி நான்கு நாள் முதலாளியின் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தார். முதலாளியே சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். அதைப்பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சித்திரையில் வழக்கம்போல முதலாளியின் ஆள் வந்து கூப்பிட்டான், அவரும் தூரிகைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் போனார்.

அந்த வருடம் விகாரைக்குப் புதிதாக வந்திருந்த பிக்கு படங்களைப் பார்க்க வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், பிள்ளைகளைத் தானம் கொடுக்கும் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். இலட்சுமிக்கு அப்போது பதினாறு வயது. படத்தில் அவள் தானம் வாங்க வந்த கிழவனைவிட உயரமாக நின்றாள்.

“இது தானம் கொடுக்கிற மாதிரியா இருக்கு? கல்யாணம் கட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கு” என்று பிக்கு சிங்களத்தில் சொன்னார்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பத்து வருடமாக இது தன் கண்ணில் படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, பாவம் பார்த்த குரலில், சின்னப் பிள்ளையாக மாற்றிவிடச் சொல்லிவிட்டுப் போனார். மாடசாமி சிரிக்கவில்லை. கல்யாணம் என்ற சொல் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது.

படத்திலிருந்த முகத்தின் மேல் வெள்ளை பூசினார். காய்ந்ததும் ஆறு வயது இலட்சுமியை வரையத் தொடங்கினார். வரவில்லை. பதினாறு வயதுக்காரிதான் சின்னதாக வந்தாள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தார், மறுபடியும் அவளே வந்தாள். மூன்று நாள் போராடிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பத்து வருடமாக ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகமாக வரைந்து வரைந்து, கப்பலேறிப் போன பிள்ளையின் முகத்தை அவர் மறந்துவிட்டார். பெற்ற பிள்ளையின் முகத்தை மறந்த தகப்பன் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று பலகைக்கு முன்னால் குந்தியிருந்து அழுதார்.

கடைசியில் ஸெய்னுலாப்தீனின் ஸ்டூடியோவுக்குப் போனார். பாஸ்போட்டுக்காக வேலம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துப் படம் எடுத்தது அங்கேதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு நெகடிவ் இருக்குமா என்று ஸெய்னுலாப்தீன் நானாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஸெய்னுலாப்தீன் ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே வருடம் எழுதிய அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“இந்தியாவுக்குப் போன ஆளுங்க எல்லாம் இதுக்குள்ளதான் இருக்காங்க தம்பி. ஒருத்தரும் திரும்பி வந்து கேக்கல்ல, எனக்கு வீசவும் மனசில்ல.”

மறுநாள் படம் கைக்கு வந்தது. வேலம்மா அவர் நினைத்திருந்தபடியே இருந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அகன்ற நெற்றி. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருந்தன. காதுகள் விடைத்து நின்றன. ஃப்ளாஷுக்குப் பயந்து கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இது யார் பிள்ளை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டார். அவர் பத்து வருடமாக வளர்த்தது வேலம்மாவின் மூக்கும் வேலம்மாவின் கன்னமும் உள்ள ஒரு பெண்ணை. அப்படி ஒருத்தி எங்கேயும் இல்லை.

படத்தைப் பலகையின் ஓரத்தில் குத்தி வைத்துக்கொண்டு, இருந்தது இருந்தபடியே வரைந்தார். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. பிக்கு வந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

வெசாக் அன்று பொழுது சாய்ந்து பல்புகள் ஓடத் தொடங்கியதும், மாடசாமி வழக்கமான இடத்தில் போய் நின்றார். வழக்கமாகச் செய்கிற வேலை அன்றைக்கு ஓடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது என்று தெரியாமல் சும்மா நின்றார். முதலாளியின் மனைவி உறவுக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பந்தல் பார்க்க வந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள், திரும்பி மாடசாமியைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“பெயின்டர் வேலையைக் காட்டிட்டாரே! ராஜகுமாரிக்குத் தன்னோட மொகத்தையே போட்டு வச்சிருக்காரு” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள்.

மாடசாமியின் கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று. தடவிப் பார்த்தார். நடுவில் இடைவெளி இல்லை.

“எம் மக, நோனா” என்று முதலாளியின் மனைவியிடம் சொன்னார். தமிழில்தான் வந்தது. அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பத்து வருடமாகியிருந்தது. அவள் அதை ஏதோ பகிடி என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பெண்களோடு அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

டிராக்டர்களிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் கை கோத்துக்கொண்டு அவரை இடித்துத் தாண்டிப் போனார்கள். மகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இத்தனை வெசாக்கில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வந்து பக்கத்தில் நின்றிருந்தாலும், யாரோ பிள்ளை என்று விலகி அவளுக்கு வழி விட்டிருப்பார்.