ஒரே ஊசி என்று சொன்ன திரை

என் மகனுக்கு வீசிங் உண்டு. திருவொற்றியூரில் அது வராத பிள்ளையைத்தான் தேட வேண்டும். காற்று எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து திரும்பினால் வீட்டுக்குள் ஒரு நெடி வரும். என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். கொஞ்ச நேரத்தில் அவன் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கும். இது நடந்தபோது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. கீழே அவசரப் பிரிவில் ஒன்று, மாடியில் குழந்தைகள் வார்டில் ஒன்று. டாக்டர் எழுதும் மருந்து இரண்டு திரையிலும் சிவப்பு வரியாக நிற்கும். கொடுத்த பிறகு பட்டனைத் தட்டினால் பச்சையாகும். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கண்டெய்னர் யார்டில் கிளார்க் வேலை எனக்கு. எங்களுக்கும் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது யாரும் கீபோர்டைத் தொடமாட்டோம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொண்டு, நெரிசல் தீர்ந்ததும் மொத்தமாக ஏற்றுவோம். அதுவரை திரை சொல்லும் இடம் ஒன்று, பெட்டி இருக்கும் இடம் வேறு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் திரையை மட்டும் நம்பிக் கிரேனை அனுப்புவதில்லை.

அவசரப் பிரிவிலும் அதே வழக்கம்தான் என்பதை ஒரு நாள் காலை பார்த்தேன். மூச்சுக்குத் திணறிய மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தோம். பெஞ்சு முழுக்கக் கூட்டம். அங்கிருந்த ஆண் நர்ஸ் இந்தப் பக்கத்து ஆள், கை வேகமானவர். டாக்டர் சொன்னதும் நரம்பில் ஊசி மருந்தை ஏற்றிவிட்டு அடுத்த குழந்தையிடம் திரும்பினார்.

"பட்டன் தட்டலையா?" என்று கேட்டேன்.

"அத்த அப்பால பாத்துக்கலாம் சார். கம்ப்யூட்டருக்கா மூச்சு வாங்குது?"

மகனுக்கு இரைப்பு தணிந்தது. ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று மாடி வார்டுக்கு அனுப்பினார்கள்.

மாடியில் வேறு பரபரப்பு. கம்ப்யூட்டர் வந்த பிறகு சிகிச்சை எப்படி நடக்கிறது என்று மதிப்பிட அன்று ஒரு குழு வருகிறதாம். அவர்கள் வரும்போது திரையில் ஒரு சிவப்பு வரிகூட நிற்கக் கூடாது என்று நிர்வாகி சொல்லியிருந்தாராம். வார்டு ஆயாதான் சொன்னார், பெட்ஷீட்டை இழுத்துவிட்டபடியே. "கம்முனு படு நைனா. பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. உன்னிய பாக்க இல்ல, அந்தப் பொட்டிய பாக்க."

சிஸ்டர் ஊசியோடு வந்தார். என் மனைவி எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், இந்த ஊசி கீழயே போட்டாச்சு."

"ஸ்கிரீன்ல போடலைன்னு இருக்கேம்மா."

"போட்டுட்டு இன்னும் ஏத்தியிருக்க மாட்டாங்க," என்றேன். "எங்க யார்டுலயும் அப்படித்தான். கீழ ஒரு வார்த்தை கேட்டுடுங்க சிஸ்டர்."

அவர் இன்டர்காமில் கூப்பிட்டார். கீழே யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தூக்கமில்லாத முகம். "சார், இது யார்டு இல்ல, ஆஸ்பத்திரி. கீழ மூக்குல புகை வச்சிருப்பாங்க, அத ஊசின்னு நெனச்சுக்கிறீங்க."

மனைவி மகனின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆயா அவள் தோளைத் தொட்டார். "வுடு கண்ணு. அவங்களுக்குத் தெரியாததா? பேஜார் பண்ணாத."

கையை விட்டாள். சிஸ்டர் ஊசியை ஏற்றிவிட்டுப் போய்ப் பட்டனைத் தட்டினார், சிவப்பு வரி பச்சையானது.

முதலில் வாந்தி எடுத்தான். பிறகு விரல்கள் நடுங்கின. "அம்மா, நெஞ்சு ஓடுதும்மா" என்றான். அடுத்து அவன் கண்கள் மேலே செருகி உடம்பு வெட்டி இழுத்ததை எனக்கு எழுத வரவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

டாக்டர்கள் வந்து அடக்கினார்கள். கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு இழுத்தார்கள். குழு வந்து போனது மறைப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் பாராட்டினார். திரையில் சிவப்பு ஒன்றும் இல்லை.

மாலையில் பெரிய டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஊசிக்கு இப்படி ஆகாது. பையனுக்கு ஏற்கெனவே உள்ளுக்குள்ள வலிப்பு இருந்திருக்கு."

இரண்டு ஊசி என்று சொன்னோம். திரையில் ஒன்றுதான் இருந்தது. நான் கீழே ஓடினேன். ஆண் நர்ஸ் மறுக்கவில்லை. "நான்தான் போட்டேன். இப்போ ஏத்தலாம்னு பாத்தா அது பச்சையா கீது சார். பச்சையான அப்பால அது எடுத்துக்காது."

"டாக்டர்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

வந்தார். சொன்னார். அப்போது நிர்வாகி பக்கத்தில் நின்றிருந்தார். "அவ்ளோ கூட்டத்துல, இந்தப் பையனுக்குத்தான் போட்டேன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"தெரியும் சார்."

"நிச்சயமா?"

நர்ஸ் தரையைப் பார்த்தார். "இவனுக்குதான்னு நெனைக்கிறேன் சார்."

அவ்வளவுதான். மகன் பெயருக்கு நேரே வலிப்பு நோய் என்று ஏறியது. தினம் ஒரு மாத்திரை. தண்ணீரில் இறங்கக் கூடாது, சைக்கிள் கூடாது. வகுப்பில் தூங்கி வழிந்தான். கூடப் படித்த பையன்கள் கடலில் குதிக்கும்போது இவன் கரைப் பாறை மேல் உட்கார்ந்து அவர்கள் சட்டைகளைக் காவல் காத்தான். ஆஸ்பத்திரி வரவேற்பறையில், அந்த மதிப்பீட்டில் கிடைத்த பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாத்திரை வாங்க அதன் கீழேதான் வரிசை நிற்கும்.

வலிப்பு அதன்பின் வரவே இல்லை. அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, நிறுத்தலாமா என்று கேட்கப் போனேன். டாக்டர் புதியவர், அன்பாகப் பேசினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்து ஒரு தடவைகூட வரல. இவ்ளோ நல்லா வேலை செய்யுது, ஏன் நிறுத்தணும்?"

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதுல ஒரு டோஸ்தானே சார் இருக்கு" என்றார்.

இல்லாத நோய் என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். வேறு டாக்டரிடம் போகலாம் என்று பேசிக்கொள்வோம். பிறகு அந்தக் கட்டிலில் அவன் உடம்பு இழுத்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், பேச்சு நின்றுவிடும். காலையில் இட்லி தின்று முடித்ததும் அவன் கையை நீட்டுகிறான். நான் மாத்திரையை வைக்கிறேன். அவன் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.